படகுக்கு வெளியேதானே கடல் இருக்க வேண்டும்?

கொஞ்ச நாள் முன்புவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் இதே கதைதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகள் விழித்துவிடாமல் பூனை மாதிரி நடந்து, சிங்கப்பூரின் பொங்கோலில் படகை எடுத்து, புலாவ் உபின் தீவுப் பக்கம் போய் நங்கூரம் போட்டு, பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றுகிறேன். குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் தண்ணீர். மழை இல்லை, அலை இல்லை, தாம்பாளத்தில் ஊற்றி வைத்த மாதிரி கடல். ஆனால் படகின் பின் மூலையில் இருக்கும் ஸ்கப்பர் ஓட்டை வழியாக ஜொகூர் நீரிணை சத்தமே இல்லாமல் உள்ளே வந்து என் செருப்பைத் தூக்கி மிதக்க விட்டுக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் வெளியே போவதற்கென்று போட்ட ஓட்டை அது! அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், உங்கள் கால் காய்ந்துதானே இருக்கிறது.

எங்களுடையது 17 அடி ஃபைபர் படகு. நான், என் மச்சான், அவனோடு வேலை செய்யும் ஒருவர் என்று மூன்று பேர் பங்கு போட்டு வாங்கிய பழைய படகு. விற்றவர் பெருமையாகச் சொன்னார்: “தானாகவே வடியும் தளம், வாளியே வேண்டாம்.” விஷயம் எளிமையானதுதான். நிற்கும் தளம் கடல் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். அலையடித்தாலும் மழை பெய்தாலும் தண்ணீர் பின்பக்கம் ஓடி, இரண்டு ஓட்டைகள் வழியாக வழிந்துவிடும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று நான் கேட்காததுதான் தப்பு. ஆளில்லாமல் கட்டியிருக்கும்போது ஓட்டைக்கும் கடலுக்கும் நடுவே நாலு விரல் வைக்கலாம். ஒருவர் பின்னால் போய் நின்றால் இரண்டு விரல். மச்சானும் போய் நின்றால் ஓட்டை தண்ணீருக்கடியில். அப்புறம் அது வடிகால் இல்லை, குழாய்.

கடைக்காரரிடம் போனேன். “நார்மல் லா, எல்லாப் படகும் அப்படித்தான்” என்றார். நார்மல் என்றால் நான் ஏன் ஈரக் காலுறையோடு உங்கள் கடையில் நிற்கிறேன் அங்கிள்? பிறகு ஒரு ரப்பர் மடல் கொடுத்தார். ஓட்டைக்கு வெளியே திருகிவிட்டால் உள்ளிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், வெளியிலிருந்து வரும் தண்ணீர் அதை அழுத்தி மூடிவிடும். ஏட்டில் சரிதான். நம்மூர் வெயிலில் மூன்றே மாதத்தில் அந்த மடல் பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டுவிட்டது. சுருண்ட பக்கம் எது தெரியுமா? கடலைப் பார்த்த பக்கம். தண்ணீரை அள்ளி உள்ளே விடுவதற்கென்றே செய்த சிறு கரண்டி போல நின்றது.

அடுத்தது பந்து வால்வு. ஒரு கூண்டுக்குள் பிங்பாங் பந்து மாதிரி ஒன்று இருக்கும். கடல் உயர்ந்தால் பந்து மிதந்து வாயை அடைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் மீன்பிடிப் படகில் ஏறியதே இல்லை என்பது என் முடிவு. இறால் ஓடு ஒன்று, அறுந்த தூண்டில் நரம்பு ஒரு முழம், கொடுவா செதில் இரண்டு, தூண்டில் முள் வந்த பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலை: இவ்வளவும் அந்தக் கூண்டுக்குள் இருந்தன. பந்து எங்கே போய் உட்காரும்? போதாததற்கு, பந்து உட்காரும் விளிம்பில் அரிசி அளவுக்குச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. வெதுவெதுப்பான கடல், படகை ஒரு மாதம் தண்ணீரில் விட்டால் போதும், அவை குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். சாங்கியிலிருந்து பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு உபினுக்குப் போகும் பம்போட் என்ற பயணிகள் படகு ஒன்று எங்களைத் தாண்டினால் அதன் அலைக்கு இரண்டு ஓட்டைகளும் சேர்ந்து கொப்பளிக்கும்.

“அப்போ தக்கை போட்டு அடைச்சிடு, முடிஞ்சது” என்றான் மச்சான். லீவரை மடக்கினால் உப்பிக்கொண்டு இறுகும் ரப்பர் தக்கை, ஒன்று சில வெள்ளிதான். போட்டோம். கால் காய்ந்தது. என் வாழ்வில் அப்படி ஒரு நிம்மதியான காலையை அனுபவித்ததில்லை. திரும்பி வந்து, படகைக் கட்டிவிட்டு, தக்கையைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. எங்கள் படகின் உட்பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். ஒரே பிற்பகலில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 350 லிட்டர், அதாவது 350 கிலோ. டிசம்பரில் அதெல்லாம் ஒரு மழையே இல்லை. மறுநாள் மாலை போய்ப் பார்த்தபோது படகு பின்பக்கம் உட்கார்ந்துபோய், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தளத்தின் கீழே சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் மேலே நிற்கும் தண்ணீரை என்ன செய்யும்? ஐஸ் பெட்டி மூடி தனியாக மிதந்தது. திறந்தால் கடல் வருகிறது, மூடினால் வானம் வருகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்துக்காவது மழையில் நனையும் வேலை இல்லை.

இதில் எனக்கு வயிறெரிவது எது தெரியுமா? யாரைக் கேட்டாலும் ஓட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த வால்வு வாங்கு, அந்த மூடி வாங்கு. ஓட்டை ஏன் தண்ணீருக்குள் போகிறது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. இந்தப் படகு செய்யப்பட்ட காலத்தில் பின்னால் மாட்டியது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இப்போது இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக், அதைவிட 20 கிலோ கூடுதல். அதற்கு ஒரு பேட்டரி போதாதென்று மீன் காட்டும் கருவிக்கு இன்னொரு பேட்டரி, அதுவும் பின்னால். பெட்ரோல் டேங்க் பின்னால். ஐஸ் பெட்டி பின்னால். மீன் கடித்தால் மூன்று தடியன்களும் பின்னால். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றாலே 75 லிட்டருக்கு மேல், பங்குப் பணம் கொடுக்காத நாலாவது ஆள். அவனும் ஓடிப்போய் நிற்பது பின்னால்தான். அவன் வந்தால் படகு இன்னும் தாழும், தாழ்ந்தால் இன்னும் வரும். எந்த வால்வைப் போட்டாலும் வெளிக் கடல் உள்தளத்தைவிட உயரமாக இருக்கும்வரை உள்ளிருக்கும் தண்ணீர் எப்படி மேடேறி வெளியே போகும்?

கடைசியில் படகைக் கரையேற்றச் சொன்னேன். அடியில் இருக்கும் வடிதிருகைக் கழற்றியதும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அரை மணி நேரம், ஒரு மணி நேரம், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. தளத்தில் சின்னதாக ஒரு துண்டு அறுத்துக் கையை விட்டேன். மிதப்பதற்காக உள்ளே அடைத்திருந்த நுரை, சாம்பாரில் ஊறிய இட்லி மாதிரி பிசைந்தால் தண்ணீர் விட்டது. ஸ்கப்பர் ஓட்டையின் பிளாஸ்டிக் குழாய் வெயிலில் மொரமொரப்பாகி, திருகுமரைக்குக் கீழே முடி அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. ஆக, மேலே நாங்கள் தக்கை, பந்து, மடல் என்று காவல் போட்டுக்கொண்டிருந்தோம். கீழே அது வருடக்கணக்காகக் கசிந்து நுரையை ஊற வைத்து, படகை ஆண்டுக்கு ஆண்டு எடை கூட்டியிருக்கிறது. “நார்மல் லா” என்றவர் ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

இப்போது குழாய்கள் இரண்டையும் வெண்கலத்தில் மாற்றியாயிற்று. ஊறிய நுரையைச் சுரண்டி எடுத்தே என் தோள்பட்டை போய்விட்டது. பேட்டரிகள் இரண்டையும் முன் இருக்கைக்கு அடியில் தள்ளி, ஒயரை நீட்டினேன். ஓட்டைக்கும் கடலுக்கும் நடுவே இப்போது ஆறு விரல். மச்சானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ஓடும்போது முன்னால் போய் உட்கார். முன்னால் உட்கார்ந்தால் சாரல் அடித்துச் சட்டை நனைகிறதாம். முடியாதாம்.

நேற்றிரவு வாட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். புது ஐஸ் பெட்டி, 70 லிட்டர், தள்ளுபடியில் கிடைத்ததாம். “பின்னாடி வைக்க அளவு சரியா இருக்கும்ல?” என்று கேட்டு, கூடவே ஒரு மீன் படம்.