சிவப்பு ஏன் சிவப்பு என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்?

மெயின் லைனில் வேறு ரயில் இல்லை. தடம் மாற்றும் பாயிண்ட் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது. பிரேக் குழாயில் காற்றழுத்தம் ஏறிவிட்டது, புறப்பட வேண்டிய நேரமும் கடந்துவிட்டது. புறப்பட அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் மட்டும் சிவப்பிலேயே நிற்கிறது. டேப் விசையைத் தட்டி அனுமதி கேட்டால் மறுப்பு வருகிறது. மறுபடி தட்டினால் மறுபடியும் மறுப்பு. ரயில் சிமுலேட்டர் ஓட்டுகிற எவருக்கும் இந்தச் சிவப்பு புதிதல்ல. நிற்கச் சொல்வதில் எனக்கு வருத்தமே இல்லை. காரணத்தை வாயைத் திறந்து சொல்லாமல் நிற்கச் சொல்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

எதிரே உண்மையாகவே ரயில் வந்தாலும் இதே சிவப்புதான். ரூட்டை, அதாவது சிமுலேட்டரில் நாம் ஓட்டும் தண்டவாளமும் சுற்றுப்புறமும் சேர்ந்த தொகுப்பை, கட்டியவர் ஏதோ ஒரு கோப்பில் ஓர் எண்ணைக் கோட்டை விட்டிருந்தாலும் இதே சிவப்புதான். பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அது நியாயமான சிவப்பு என்று நம்பி, வரவே போகாத ஒரு ரயிலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்போம்.

பழுது என்றால் சிக்னல் சிவப்புக்குத்தான் போக வேண்டும் என்பது நிஜ ரயில்வேயின் விதி. அருமையான விதி. 1872-ல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற, தண்டவாளத்தில் ரயில் இருப்பதை மின்சாரத்தால் கண்டறியும் டிராக் சர்க்யூட்டே இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்தாலும் சரி, தண்டவாளம் முறிந்தாலும் சரி, பேட்டரி தீர்ந்தாலும் சரி, ரிலே என்ற மின்சுவிட்ச் விழுந்து சிவப்பு எரியும். ஆனால் அங்கே ஓட்டுநர் கேட்டால் பதில் சொல்ல மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். சிமுலேட்டரில் நான் யாரைக் கேட்பது? விசைப்பலகையையா?

நான் ஓட்டும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டரில் எஃப்5 அழுத்தி, பக்கங்களைப் புரட்டி, ரயில்களுக்கு வழிவிடும் கணக்கைக் காட்டும் டிஸ்பேட்சர் பக்கத்துக்குப் போனால் கொஞ்சம் துப்புக் கிடைக்கும். நம் ரயிலுக்கு எதுவரை அனுமதி, அது எதனால் முடிகிறது என்று சுருக்கெழுத்தில் காட்டும். அன்றைக்கு எனக்கு வந்த பதில், டிராக் முடிந்துவிட்டது என்பது. நான் கேமராவை முன்னால் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். இரண்டு தண்டவாளங்களும் ஜல்லிக்கு மேலே பளபளவென்று வளைவு வரைக்கும் ஓடுகின்றன. முடிந்துவிட்டதாம்!

முடிந்ததுதான் உண்மை என்பதை ஒத்துக்கொள்ள அரை நாள் ஆயிற்று. இந்த வகை ரூட்டுகளில், அதாவது 2001-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்பு முறையில் கட்டப்பட்டவற்றில், ஒரே தண்டவாளம் இரண்டு இடங்களில் வாழ்கிறது. நாம் பார்க்கும் படம் உலகக் கோப்புகளில் இருக்கிறது, 2048 மீட்டர் சதுரத்துக்கு ஒரு கோப்பு வீதம். ரயில் ஓடும் தண்டவாளம் டிராக் டேட்டாபேஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. எது எதோடு இணைகிறது, பாயிண்ட் எங்கே, சிக்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் அங்கேதான். ரயிலுக்குக் கண் கிடையாது. அது படத்தைப் பார்ப்பதே இல்லை.

டேட்டாபேஸில் இருக்கும் தண்டவாளத்தைக் கோடாக வரைந்து காட்டும் டிராக் வியூவர் கருவியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஒரே கோடாகத்தான் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு முடிவு முனைகள், எதிரும் புதிருமாக, நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. கட்டியவர் அந்த வளைவை எப்போதோ எடுத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறார். படத்தில் பொருந்திவிட்டது, டேட்டாபேஸில் ஒட்டவில்லை. அந்த ஒட்டாத இடத்துக்கு இப்பால் கிலோமீட்டர் கணக்கான தூரத்தில் இருக்கிற ஸ்டார்ட்டர், அடுத்த சிக்னல் வரை பாதையைத் தேடிக் கிடைக்காமல், மாட்டேன் என்று நிற்கிறது. சிக்னல் தன் கடமையை ஒழுங்காகச் செய்கிறது. அதைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்த எனக்குத்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

இந்தத் தவறைச் செய்தவர் மீது கூட எனக்குக் கோபம் இல்லை. பல நூறு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கையால் வைக்கிற ஒருவருக்கு ஒரு மூட்டு விடுபடுவது இயல்பு. அந்தப் பாதையில் ஒரே ஒரு முறை ரயிலை ஓட்டிப் பார்த்திருந்தால் அது அவருக்கே தெரிந்திருக்கும். ஓட்டவில்லை. ஆனால் அறிமுகத்தில் பனைமரங்களின் நிழல் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்.

சிமுலேட்டர் பிழைகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தேன். டெஸ்க்டாப்பில் வந்து விழும் அந்தக் கோப்பைத் திறந்தால், இந்தக் கூரையின் படம் காணவில்லை, அந்தக் கம்பத்தின் படம் காணவில்லை, அதே கூரையின் படம் இன்னும் காணவில்லை என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். சிக்னல் ஒன்றுக்குத் தண்டவாளத் தொடர்பே இல்லை என்கிற உயிர்நாடியான வரி அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கும். காணாமல் போன கூரையால் எந்த ரயிலும் நிற்காது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் படிப்பவன் எதைப் பிடிப்பான்?

நிறுத்திவைத்த வேகன்கள் தரும் தொல்லை தனி ரகம். மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லூப் லைனில் அழகுக்காக ஒரு சரக்கு ரயிலை நிறுத்தியிருப்பார்கள். அதன் கடைசி வேகனின் பின்பாதி மட்டும் பாயிண்ட்டின் மேல் ஏறி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளே அடங்கி நிற்பது போலவே தெரியும். சிமுலேட்டரின் கணக்கில் பாயிண்ட் தனியொரு பகுதி. அதில் ஒரு சக்கரம் இருந்தாலும் ஆள் இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே மெயின் லைன் முழுக்க முடங்கிப்போகும். வேகனை இரண்டு மீட்டர் உள்ளே தள்ளினால் பச்சை. இரண்டே மீட்டர்!

மஞ்சள் பைத்தியம் இன்னொன்று. நெடுக ஒரு ரயிலும் இல்லாத பாதையில் ஒவ்வொரு சிக்னலும் மஞ்சளாகவே வரவேற்கும். வேகத்தைக் குறைத்து அருகே போனதும் அடுத்தது திறக்கும், அதற்கடுத்தது மூடியே இருக்கும். சிக்னல் அமைப்புக் கோப்பில், முன்னால் எத்தனை சிக்னல்களைத் திறந்துவைக்கலாம் என்று ஓர் எண் உண்டு. வேறொரு ரூட்டிலிருந்து அந்தக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண் இந்தப் பாதையின் சிக்னல் முறைக்குப் போதுமா என்று பார்க்காமல் விட்டதன் பலன் இது. எக்ஸ்பிரஸ் ரயிலைக் கூட்ஸ் மாதிரி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் தாய்ப்பாவம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தாலே இரத்தம் கொதிக்கிறது. தண்டவாளத் துண்டுகளின் நீளம், வளைவு, எண் எல்லாவற்றையும் வரையறுக்கும் டி-செக்‌ஷன் என்ற பொதுக் கோப்பு. ஒரே கோப்புறையில் இருக்கும் எல்லா ரூட்டுகளுக்கும் அது ஒன்றுதான். புதிய ரூட் ஒன்றை நிறுவினேன். அதன் நிறுவி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என்னிடம் இருந்த புதிய பதிப்பின் மேல் தன் பழைய பதிப்பை எழுதிவிட்டுப் போயிற்று. புதிய ரூட் நன்றாக ஓடியது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற ரூட்டுகளில், பழைய கோப்புக்குத் தெரியாத துண்டுகள் இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒன்றில் ரயில் தடம் புரண்டது, இன்னொன்று ஏற்றும்போதே மூச்சை விட்டது. அடுத்தவன் வீட்டு அஸ்திவாரத்தில் கை வைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

தீர்வு இல்லாத சிக்கலும் அல்ல இது. ஓப்பன் ரெயில்ஸ், பொதுக் கோப்பைத் தேடுவதற்கு முன்னால் அந்த ரூட்டின் கோப்புறைக்குள்ளேயே ஓப்பன்ரெயில்ஸ் என்ற உள்கோப்புறை இருக்கிறதா, அதில் டி-செக்‌ஷன் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். கட்டியவர் தன் பதிப்பை அங்கே வைத்து அனுப்பினால் யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. ஒரு கோப்பு, ஒரு நகல். அதற்குக் கூட மனம் வரவில்லை.

இதையெல்லாம் சொல்லி உதவி கேட்டால் வருகிற அறிவுரை இருக்கிறதே! முதலில், எனக்கு நன்றாக ஓடுகிறது. பிறகு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். டேட்டாபேஸில் ஒட்டாத மூட்டு, பிழையோடு வந்த அதே கோப்பை மறுபடி நிறுவினால் எப்படி ஐயா ஒட்டும்? உங்களுக்கு ஓடுகிறது என்றால் நீங்கள் அந்தப் பாதையில் போகவில்லை, அவ்வளவுதான். ரூட்டைப் புதுப்பிக்கும்போது தண்டவாளத்தை நகர்த்திவிட்டு, ரயில் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதன் மேல் முன்பு வரைந்த பாதைகளைச் சரிபார்க்காமல் விடுகிறவர்களும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாதைக் கோப்பு இடத்தை ஆயங்களால் குறித்து வைத்திருக்கிறது. தண்டவாளம் நகர்ந்தால் பாதை அந்தரத்தில் நிற்கும், சிக்னல் திறக்காது. நான் எத்தனை முறை நிறுவினாலும் அது அந்தரத்தில்தான் நிற்கும்.

இலவசமாகக் கொடுப்பவரிடம் குறை சொல்லலாமா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். உழைப்புக்குத் தலைவணங்குகிறேன், மனதாரத்தான். நான் கேட்பது அழகோ முழுமையோ அல்ல. எந்தப் பதிப்பு டி-செக்‌ஷன், சிக்னல் கோப்புகள் எங்கிருந்து எடுத்தவை, எந்தெந்தப் பாதைகளை ஓட்டிப் பார்த்தீர்கள், எவற்றைத் தொடவே இல்லை. ரூட்டோடு வரும் குறிப்பில் இந்த நான்கையும் எழுதுங்கள். மூன்றாவது லூப்பில் சிக்னல் வேலை செய்யாது என்று எழுதியிருந்தால் நான் இரண்டாவது லூப்பில் போய்விட்டு உங்களை வாழ்த்தியிருப்பேன். பனைமர நிழலை அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வர்ணியுங்கள்.