வளர்ற பிள்ளைக்கு 125 சிசி வண்டியாம்

இன்று காலை ஏழு மணிக்கே, நாலு சக்கர குவாட் பைக் விற்கிற அந்தக் கடையிலிருந்து மறுபடியும் போன். "அக்கா, அந்த 125 சிசி வண்டி இன்னும் இருக்கு. இன்னைக்கு முடிச்சீங்கன்னா ஹெல்மெட் ஃப்ரீ." ஹெல்மெட் என்ன சைஸ் என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் அக்கா" என்கிறான். ஆறு வயசுப் பிள்ளையின் தலைக்கும் அவள் அப்பா தலைக்கும் ஒரே ஹெல்மெட்டா! பிள்ளை தலையை ஆட்டினால் அது தனியாகச் சுற்றும், விழுந்தால் முதலில் கழன்று ஓடும். போனை வைத்துவிட்டேன். வயிறு இன்னும் எரிகிறது.

சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் கை இப்போதும் நடுங்குகிறது. பாப்பாவுக்கு ஆறு வயசு, பதினெட்டு கிலோ. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஓட்ட ஒரு சின்ன குவாட் பைக் வேண்டுமென்று ஒரு வருஷமாகக் கேட்கிறாள். வாங்கவே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயசுக்குக் கீழே யாருமே இந்த வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது, அதையும் படித்துவிட்டுத்தான் இரண்டு மாதம் தூக்கம் கெட்டு யோசித்தேன். வாங்கினால் அவள் உடம்புக்கு ஏற்ற வண்டி, நான் பக்கத்திலேயே ஓடிவரக்கூடிய வேகம், தோப்பை விட்டு வெளியே ஒரு அடி கூடக் கிடையாது. இந்த மூன்றும் சரியென்றால் வாங்குவது, இல்லையென்றால் சைக்கிளே போதும் என்று முடிவு செய்துகொண்டு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன்.

கேள்வி கேட்டது நான். பணம் என் கைப்பையில். ஆனால் கடைக்காரன் பதில் சொன்னதெல்லாம் கூட வந்த என் தம்பியைப் பார்த்து. தம்பி வாயே திறக்கவில்லை. "எங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தான். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அவனிடமே 49 சிசி, 110 சிசி, 125 சிசி என்று ஒப்பித்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது நான்கே விஷயம். வேகம் கூட்டுகிற திராட்டில் கட்டைவிரலால் அழுத்துவதா, கையால் முறுக்குவதா? வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு இருக்கிறதா? பிள்ளை விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு எங்கே? எட்டாத தூரத்தில் போய்விட்டால் நான் நிறுத்த ரிமோட் உண்டா? முறுக்கு திராட்டில் ஏன் வேண்டாம் என்றால், வண்டி வெடுக்கென்று நகரும்போது பிள்ளை பின்னால் சாயும், சாயும்போது கைப்பிடியை இறுகப் பிடிக்கும், பிடித்த கை தானாக முறுக்கிவிடும். பயத்திலேயே வேகம் கூடிப்போகும். இதை நான் சொல்ல, விற்கிறவன் புதுக்கதை கேட்பது போல நிற்கிறான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தத் திருகு, திராட்டில் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே திருகிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் போகாது. நான்தான் குனிந்து தேடி, இதோ என்று விரலை வைத்துக் காட்டினேன். "அதெல்லாம் எதுக்குக்கா, பாப்பா பயப்படாம ஓட்டட்டும்!"

அப்புறம்தான் அந்தப் பத்து நொடி. என்னைக் கேட்கவில்லை, தம்பியையும் கேட்கவில்லை. பாப்பாவை அப்படியே இடுப்பில் தூக்கினான், 125 சிசி வண்டியின் மேல் உட்கார வைத்தான். வண்டி நூறு கிலோ இருக்கும். கால் மிதிக்கு எட்டவில்லை, இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. கை ஹேண்டில் பாரைத் தொட்டது, ஆனால் விரல் பிரேக் லீவரைச் சுற்றி வரவில்லை, நுனி மட்டும் பட்டது. தலையில் ஒன்றுமில்லை, காலில் வீட்டுச் செருப்பு. "இறக்குங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்துவிட்டான். முன் கியரையும் தள்ளிவிட்டான். சத்தம் கேட்டதும் பாப்பா இறுகப் பிடித்தாள், கட்டைவிரல் திராட்டிலில் இருந்தது. வண்டி ஒரே தாவு. எதிரே டயர் அடுக்கியிருந்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் கண்ணாடிக் கதவு. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைத் தேடினேன். அது எங்கே இருந்தது தெரியுமா? பிரிக்கவே இல்லை, பிளாஸ்டிக் கவரோடு ஹேண்டில் பாரில் சுற்றி டேப் ஒட்டியிருந்தது! பிள்ளையின் கையில் மாட்ட வேண்டிய கயிறு! தம்பிதான் சாவியைத் திருகி நிறுத்தினான்.

பாப்பா அழவில்லை. முகம் வெளுத்து என்னையே பார்த்தாள். அதைப் பார்த்து அந்த மனிதன் சொல்கிறான், "பாருங்க சார், பாப்பாவுக்கு பயமே இல்ல."

ஆறு வயசுக்கு இது பெரிய வண்டி என்றேன். "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரும்." பள்ளிக்கூட யூனிஃபார்மா இது, கீழே மடித்துத் தைத்துவிட்டு அடுத்த வருஷம் பிரித்துவிட? யூனிஃபார்ம் பெரிதாக இருந்தால் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான். வண்டி பெரிதாக இருந்தால் பிள்ளை மேலே கவிழும். இந்த வண்டிகளில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றும். காரைப் போலத் தானாக வளைந்து கொடுக்காது. திருப்பும்போது ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்த்து எடையை மாற்றித் தர வேண்டும். பதினெட்டு கிலோப் பிள்ளை எங்கே சாய்த்து நூறு கிலோவை அடக்குவது? அமெரிக்கத் தரவிதியில் ஆறு வயசுக்கான வண்டியை மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டித்தான் விற்கவேண்டும், கட்டை அவிழ்த்தாலும் 24தான். இந்த 125 எவ்வளவு போகும் என்று கேட்டேன். "நல்லா போகும்க்கா!" இதுதான் பதில்.

36 வோல்ட் பேட்டரி வண்டி ஒன்று மூலையில் இருந்தது. மிதி எட்டுகிற உயரம், செயினுக்கு மூடி, சூடாகிற சைலன்சர் இல்லை. சத்தம் இல்லாததால் "நிறுத்து" என்று நான் கத்தினால் அவள் காதில் விழும். எனக்கு அதுவே மிக முக்கியம். அதைப் பார்க்கவே விடவில்லை. "அது பொம்மைக்கா, பேட்டரி சீக்கிரம் போயிடும்." ஈய பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக் கணக்கில் போட்டுவைத்தால் போகத்தான் செய்யும், ஒழுங்காகச் சார்ஜ் போட்டால் ஏன் போகிறது?

கடைசியாக ஒன்று சொன்னான், அதில்தான் நான் எழுந்து வந்தேன். "தோப்புல மட்டும் ஏன் சார், மெயின் ரோடு வரைக்கும் ஓட்டட்டும், கேட்க யாரு இருக்கா?" 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 199ஏ இருக்கிறது. சின்னப் பிள்ளை ரோட்டில் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. அதையெல்லாம் விடுங்கள். எங்கள் ஊர் ரோட்டில் கிரானைட் ஏற்றின லாரி வருகிறது! அந்தச் சின்ன வண்டி அந்த டிரைவர் கண்ணுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தோப்பைச் சுற்றி நடந்தேன். தென்கிழக்கு மூலையில் அறுபதடிக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. இந்தப் பக்கம் பாதிக் கிணறுகள் அப்படித்தான் கிடக்கின்றன, தரையோடு தரையாக, ஓரத்தில் புல் மூடி. நாற்பது வருஷமாகப் பார்த்துப் பழகிவிட்ட கிணறு, அன்றைக்குத்தான் பயமாக இருந்தது. முதலில் சுவர், அப்புறம்தான் வண்டி என்று சொல்லிவிட்டேன். பாப்பா அழுதாள். அழட்டும்.

சுவருக்குப் பணம் எங்கே? பெங்களூரா மாங்காய் போட்ட பணம்தான், வண்டிக்கு எடுத்து வைத்தது. அந்தக் காயையும் மாங்கூழ் ஆலை வாசலில் இரண்டு நாள் டிராக்டரில் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். டோக்கன் கொடுத்தவன் சாப்பிடப் போனான், வரவேயில்லை. டிரைவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூட அங்கே இல்லை. காய் வாடி எடை குறைந்தது, அதற்கு மேல் கழிவு என்று தனியாகப் பிடித்தார்கள், ரசீதில் அதை எழுதவும் இல்லை. அந்தக் கழிவு எந்தக் கணக்கு, யார் வைத்த கணக்கு? நாளைக்குக் காலையில் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன்.