‘ஹொட்’ பெயரடைதான்

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஆங்கிலத் தவணைப் பரீட்சையில் வந்த வினாவைக் குறித்து முந்தநாள் நான் எழுதியதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டே இதை எழுதுகிறேன். ‘த வோட்டர் இஸ் ஹொட்’ என்பதில் பெயரடை, அதாவது பெயரின் தன்மையைச் சொல்லும் சொல், எது என்று கேட்டிருந்தார்கள். தரம் 7இல் படிக்கும் என் தங்கையின் மகள் ‘ஹொட்’டின் கீழே கோடிட்டிருந்தாள். சிவப்பு மையால் அதைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் ‘வினையடை’, அதாவது வினை நடக்கும் விதத்தைச் சொல்லும் சொல், என்று எழுதியிருந்தார்கள். ‘ஹொட்’ பெயரடைதான். எத்தனை பேர் மறுத்தாலும் பெயரடைதான்.

பிழை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு விளங்குகிறது. தமிழில் ‘தண்ணீர் சூடாக இருக்கிறது’ என்கிறோம். ‘ஆக’ சேர்ந்து வருவதால் ‘சூடாக’ நமக்கு வினையடை. நம் பெயரடை பெயருக்கு முன்னே நிற்பது: பழைய கோட்டை, நல்ல மீன். ஆங்கிலப் பெயரடையோ ‘இஸ்’, ‘சீம்ஸ்’, ‘லுக்ஸ்’ முதலிய வினைகளுக்குப் பின்னால் நின்றும் எழுவாயின் தன்மையைச் சொல்லும். சூடு தண்ணீரைச் சேர்ந்தது, வினையைச் சேர்ந்ததன்று. ஆங்கிலச் சொல்லை அந்த வாக்கியத்தில் அது செய்யும் வேலையைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும். தமிழில் பெயர்த்துப் பார்த்து அன்று. ‘எ பாஸ்ட் ட்ரெயின்’ (வேகமான ரயில்) என்பதில் பெயரடையாக இருக்கும் ‘பாஸ்ட்’, ‘த ட்ரெயின் ரன்ஸ் பாஸ்ட்’ (ரயில் வேகமாக ஓடுகிறது) என்னும்போது வினையடையாகிறது. நோன்பைக் குறிக்கும்போது அதே வடிவம் பெயராகவும் வினையாகவும் வருகிறது.

எனக்கும் இது நடந்தது. தரம் 8இல், நட்பான என்று பொருள்படும் ‘பிரெண்ட்லி’யைப் பெயரடை என்று எழுதியதற்காக, ‘லி’யில் முடிந்தால் வினையடைதான் என்று சொல்லி என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தினார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலப் பாடத்தில் நான் கை உயர்த்தவேயில்லை. அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே பெயரடை என்று கண்டபோது எனக்கு இருபது வயது கடந்திருந்தது.

இரண்டு புள்ளிக்காகவா இவ்வளவு என்கிறீர்கள். புள்ளியை நான் கேட்கவில்லை. பேச்சு வந்தால் போதும், இலக்கணம் எதற்கு என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இலக்கணத்தைக் கேட்டுப் புள்ளி போடுபவர்கள் அதைச் சரியாகப் பார்த்துப் போட வேண்டும். ஆசிரியரை அவமதிக்கிறேன் என்பது அநியாயம். பாடசாலையின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ எங்கும் நான் எழுதவில்லை. முதலில் நேரில் போய்ப் பணிவாகத்தான் கேட்டேன். ‘நீங்கள் படிப்பிக்க வருகிறீர்களா?’ என்பதுதான் கிடைத்த பதில். ஆங்கிலம் தெரிந்த திமிர் என்று ஒருவர் எழுதியிருந்தது என்னை மிகவும் நோகச் செய்தது. பகல் முழுவதும் கடையில் நின்று, இரவில் அகராதியைப் புரட்டிக் கற்றதை என் மருமகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படித் திமிராகும்?

நேற்றிரவு அவள் கொப்பியோடு வந்து, “அடுத்த தவணையும் இதே கேள்வி வந்தால் எதை எழுதுறது மாமா, நீங்க சொன்னதையா, ரீச்சர் சொன்னதையா?” என்று கேட்டாள். ‘ஹொட்’டின் கீழேயே கோடு போடச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் பென்சிலால், அழிக்கக்கூடிய அளவுக்கு மெல்லியதாகத்தான் போட்டாள்.