நெல் காயும் சாலையில் என்ன பந்தயம்?

ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்தால் போதும், கல்லணைக்குப் போகும் எங்கள் ஆற்றங்கரைச் சாலையில் கால் வைக்க முடிவதில்லை. கூட்டம் கூட்டமாக பைக்குகள். காதைக் கிழிக்கும் சைலன்சர், தலைக்கவசத்தின் மேல் கேமரா. தட்டிக்கேட்டால், "இதுதான் நம் ஊர் நூர்பர்க்ரிங், பெரியப்பா" என்கிறான் மீசை முளைக்காத பையன்!

வயிறு எரிகிறது. நூர்பர்க்ரிங் இருப்பது ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில். 1927-இல் திறந்த கார் பந்தயத் தடம். காட்டுக்குள் ஏறி இறங்கி வளையும் வடக்குச் சுற்று மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் வாங்கினால் சுற்றுலா வந்தவர்கூடத் தன் காரை அதில் ஓட்டலாம், உண்மைதான். ஆனால் எதிரே ஒரு வண்டியும் வராது. முந்துவதென்றால் இடப்பக்கம் மட்டுமே. சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கெடுக்கக் கூடாது, ஓட்டும்போது படம் பிடிக்கவும் கூடாது. தடுப்பில் மோதினால் அந்தச் செலவும் ஓட்டியவர் தலையில்தான். உலக சாம்பியன் நிக்கி லாவ்டாவே 1976 பந்தயத்தில் அங்கே தீயில் சிக்கிச் செத்துப் பிழைத்தார். அதன்பின் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் அந்த நீண்ட சுற்றுக்குத் திரும்பவே இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு இவர்கள் கற்றுக்கொண்டது வேகத்தை மட்டும்!

இங்கே ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல் பள்ளம். நடுவில் ஆடு, மாடு, சைக்கிளில் டியூஷன் போகும் பிள்ளைகள். குறுவை அறுவடை வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். களம் இல்லாதவன் தார்ச்சாலையில் கொட்டாமல் எங்கே காயவைப்பான்? போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு பைக் அதற்குள் புகுந்து சறுக்கியது. அக்காவுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம். பாதி நெல் சரிவில் கொட்டி வாய்க்கால் சேற்றில் கிடந்தது. விழுந்தவன் எழுந்ததும் முதலில் தொட்டுப் பார்த்தது கேமராவை! அடுத்து, "சாலையில் ஏன் நெல் போட்டீர்கள்?" என்று அக்காவிடமே சண்டை. உலர்களம் கட்டிக் கொடுக்கச் சொல், அன்றைக்கே அள்ளிக்கொண்டு போகிறோம்.

வேகம் வேண்டுமா? கோவை செட்டிப்பாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அங்கே போய்க் காசு கட்டி ஓட்டுங்கள். புகார் கொடுத்தால் "இளவட்டம், விடுங்கள்" என்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: அறுவடை முடியும் வரையாவது ஞாயிறு காலையில் இரண்டு காவலர்களை இங்கே நிறுத்துங்கள். வளைவில் வேகத்தடை போடுங்கள். பிணம் விழுந்த பிறகு வந்து அளவெடுக்க வேண்டாம்.