கமிஷனை மட்டும் பார்த்தால் போதுமா?
ஓவியங்களை இணையத்தில் விற்பது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; கமிஷன் குறைவான விற்பனைத் தளமே ஓவியருக்கு லாபம் என்கிறது அது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலைப் படைப்புகளுக்கான இணையச் சந்தையான சாச்சி ஆர்ட், விற்பனை விலையில் 40 சதவீதம் பிடிக்கிறது என்றதும் நானும் அதிர்ந்தவன்தான். கைவினைப் பொருட்கள் உட்படப் பலவும் விற்கும் எட்ஸி தளத்தில் விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஆனால் அங்கே என் எண்ணெய் வண்ண ஓவியத்துக்குப் பக்கத்திலேயே அச்சுப் பிரதியும் காபிக் குவளையும்! என் விலையைப் பார்த்ததும் ஆள் நகர்ந்துவிடுகிறார். பெரிய கேன்வாஸுக்கு கூரியர் செலவைத் தப்பாகக் கணித்தால் கைக்காசுதான் போகும் (நன்றாகக் காய்ந்த பிறகு சட்டத்திலிருந்து கழற்றி, சுருட்டிக் குழாயில் அனுப்பினால் கொஞ்சம் மிஞ்சும்). இப்போது சின்ன நீர்வண்ணப் படங்கள் எட்ஸியில், பெரியவை சாச்சியில். ஒரே படத்தை இரண்டிலும் போடாதீர்கள். ஒருமுறை ஒரே நாளில் இரண்டு பேர் வாங்கிவிட, ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அசடு வழிந்தேன்.