டீ() மெதுவான கிளைக்காகக் காத்திருக்காது

ஒரு ஸ்ட்ரீமில் (துண்டுதுண்டாக வந்துகொண்டிருக்கும் தரவு) வரும் வரிகளை இரண்டு வகையாகப் பிரிக்க, ‘ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரீமை டீ() போட்டு ஒரே மாதிரியான இரண்டு கிளைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபில்டர் வைத்தால் போதும், பேக்பிரஷர் (படிப்பவர் மெதுவானால் மூலமும் மெதுவாகும் ஏற்பாடு) இருப்பதால் மெமரி ஏறாது’ என்று சொல்வது பாதிதான் சரி. பிரிப்பது நடக்கும். மெமரி விஷயம் நேர்மாறு.

டீ()-யில் வேகமாகப் படிக்கும் கிளைதான் மூலத்தை இழுக்கிறது. மற்ற கிளை இன்னும் படிக்காத துண்டுகள் அதன் வரிசையில் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. 2 ஜிபி லாக் ஃபைலில் எரர் வரிகளை ஒரு கிளையில் முழுதாகப் படித்து முடித்துவிட்டு, அப்புறம் அடுத்ததைத் தொட்டால், அந்த 2 ஜிபியும் மெமரியில் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் கிளைக்குப் பின்னால்தான் வருகிறது என்பதால், தள்ளிவிட வேண்டிய வரிகளும் சேர்த்தே தேங்கும். சின்ன ஃபைலில் சோதித்தால் இது கண்ணில் படாது.

நோட்.ஜேஎஸ்ஸில் ஒரு ஸ்ட்ரீமை இன்னொன்றோடு இணைக்கும் பைப்() அப்படியில்லை. பல இடங்களுக்கு இணைத்தால், மெதுவானதற்காக மூலம் நிற்கும்.

பிரிப்பதுதான் நோக்கம் என்றால் டீ() வேண்டாம். ஒரே ஃபார் அவெயிட் லூப்பில் (ஒவ்வொரு துண்டும் வரும்வரை காத்திருந்து படிக்கும் லூப்) படித்து, வரியைப் பார்த்து உரிய ரைட்டருக்கு (வெளியே போகும் ஸ்ட்ரீமில் எழுதும் முனை) அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்த ரைட்டரின் ரெடியை (அடுத்ததை ஏற்கத் தயார் என்னும் அறிகுறி) அவெயிட் செய்யுங்கள். இரண்டு ரைட்டர்களும் எழுதுவது மறுமுனையில் ஒரே நேரத்தில் படிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் லூப் பாதியில் நின்றுவிடும்.