சீனாவின் ஹுகோ முறை ஒழிக்கப்பட்டதா?

ஒருவரின் உரிமைகளை அவர் பதிவான ஊரோடு இணைக்கும் ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறையைச் சீனா 2014இலேயே ஒழித்துவிட்டது, இப்போது ஷாங்காயில் குடியேறும் எவருக்கும் உள்ளூர்க்காரருக்குரிய எல்லா உரிமைகளும் உண்டு என்று இங்கே பலர் பகிர்ந்து வருகிறார்கள். அது சரியல்ல.

2014 ஜூலையில் சீன அரசவை (அந்நாட்டின் மத்திய அமைச்சரவை) கைவிட்டது, விவசாயப் பதிவு, விவசாயமல்லாத பதிவு என்ற பாகுபாட்டை மட்டுமே. அது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊரில் பதிவு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஷாங்காயிலேயே படித்து வளர்ந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பதிவு ஆன்ஹுயி மாகாணத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு ஷாங்காய் தரும் வசிப்பிட அட்டையில், பிள்ளை அங்கேயே தேர்வெழுதத் தேவையான 120 புள்ளிகள் பெற்றோருக்குச் சேரவில்லை. பொதுவாக அந்தப் பிள்ளை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுத ஆன்ஹுயிக்குத்தான் திரும்ப வேண்டும். படிப்பு, வேலை, கட்டிய சமூகக் காப்பீடு போன்றவற்றை வைத்துத்தான் புள்ளிகள் தருகிறார்கள். கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அவை எளிதில் சேருவதில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

சரிபார்ப்பது கடினமல்ல. அந்த 2014 ஆவணம் சீன அரசின் இணையதளத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டு, 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். மக்கள்தொகையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும், புள்ளி முறையில் பதிவு தர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஷாங்காயின் 2020 கணக்கெடுப்பு அறிக்கையையும் பாருங்கள்: சுமார் 2.49 கோடிப் பேரில் ஏறத்தாழ 1.05 கோடிப் பேர் வெளியூர்ப் பதிவு கொண்டவர்கள் என்று தனியாகவே காட்டப்பட்டிருக்கிறார்கள்.